சினை தங்காத மாடும் 21 நாள் கணக்கும்: கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதல் குறை பால் விலை, இரண்டாவது குறை சினை. "நாலு ஊசி போட்டாச்சு தம்பி, தங்கவே மாட்டேங்குது" என்பார்கள். (அவர்கள் சொல்வது சினை ஊசி, அதாவது காளையின் விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது.) எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள் என்று கேட்டால், "தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் மழை விட்டதும் ஒண்ணு" என்று பதில் வரும். சிக்கலில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

நான் மன்னார்குடிப் பக்கம் ஆறு ஜெர்சி கலப்பின மாடுகளும் ஒரு உம்பளச்சேரிப் பசுவும் வைத்திருப்பவன். டாக்டர் இல்லை. ஆனால் ஒரு கன்றை என் அவசரத்தால் இழந்த பிறகு (அந்தக் கதை கீழே வரும்), மாட்டின் வயிற்றுக்குள் மாதம் முழுக்க என்னதான் நடக்கிறது என்று டாக்டர்களை நச்சரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். இப்படித் தங்காத மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன், அந்த ஊசி உள்ளே யாரிடம் போய் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். மாட்டின் உடம்பு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் பேச்சில்தான் நாம் குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை சொல்கிறோம். நேரம் தப்பினால் அந்த வார்த்தை வீண், சில சமயம் நாசம்.

முதலில் ஒரு நோட்டு

மாட்டுக்கு ஒரு பக்கம். ஈன்ற தேதி, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, பருவத்துக்கு வந்த (காளையைத் தேடும்) தேதியும் நேரமும், வலும்பின் (பருவத்தில் மாடு விடும் சளி போன்ற திரவத்தின்) நிறம், ஊசி போட்ட தேதியும் நேரமும், எந்தக் காளையின் விந்து. அவ்வளவுதான். சொசைட்டி பால் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நாள் திடீரென்று ஒரு லிட்டர் குறைந்து மறுநாள் சரியாகியிருந்தால் அந்த நாள் பருவமாக இருந்திருக்கலாம். சினை இல்லாத மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அதனால் அதிலிருந்து 21 நாள் எண்ணிப் பாருங்கள்.

இது ஏன் அவசரம் என்றால், பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டும் என்றால் 365-ல் 280 போக மீதி 85 நாள். ஈன்ற முதல் 45 முதல் 60 நாள் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கிச் சுத்தமாகவே போய்விடும். ஆக நம் கையில் இருப்பது ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. அதைத் தவறவிட்டால் ஒவ்வொரு முறையும் 21 நாள் தீவனச் செலவு.

அந்த 21 நாளில் உள்ளே நடப்பது

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸை மேட்டூர் என்று வையுங்கள். அங்கிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் விட்டுவிட்டு, முறை வைத்துத் திறப்பது போல வரும். அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் கல்லணை. வந்ததை வாங்கி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்று இரண்டு வாய்க்காலில் ரத்தத்துக்குள் விடுகிறது. வயல் என்பது சினைப்பை. ஒரே வித்தியாசம், இங்கே வயலே மேட்டூருக்குத் திருப்பிச் சேதி அனுப்பி "மூடு", "திற" என்று சொல்லும்.

எஃப்.எஸ்.ஹெச். வந்ததும் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்புகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருமுட்டை. கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் முந்திக்கொள்ளும். அது ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் சுரந்து எஃப்.எஸ்.ஹெச்.-ஐக் குறைக்க, மற்றவை பட்டினியில் வாடிவிடும். இப்படி ஒரே சுற்றில் இரண்டு அல்லது மூன்று அலை எழும்பும். ஆனால் கடைசி அலையில் முந்தியது மட்டும்தான் வெடிக்கும். முந்தைய அலைகளில் ஜெயித்ததெல்லாம் என்ன ஆயிற்று என்றால், புரோஜெஸ்டிரோன் அவற்றை வளரவிடவில்லை.

புரோஜெஸ்டிரோன் எங்கிருந்து வருகிறது? போன பருவத்தில் கொப்புளம் வெடித்த பள்ளத்தில் ஒரு மஞ்சள் கட்டி வளரும். டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு "சி.எல். இருக்கு" என்று சொல்வது இதைத்தான். (பசுவில் அது மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் பசுந்தீவனத்தில் இருக்கும் கரோட்டின்.) அஞ்சாம் நாள் வாக்கில் இது நன்றாகச் சுரக்கத் தொடங்கும். அதன் வேலை இரண்டு. கருப்பையைக் கரு தங்கத் தோதாக வைப்பது, எல்.ஹெச். துடிப்பை அடக்கி அடுத்த பருவம் வராமல் பிடித்து வைப்பது. சினை மாடு பருவத்துக்கு வராததும் இதனால்தான்.

16, 17-ஆம் நாளில் கருப்பை ஒரு கணக்குப் பார்க்கும். உள்ளே கரு இருந்தால் அது இன்டர்ஃபெரான் டவ் என்ற ஒரு புரதத்தைச் சுரந்து "நான் இருக்கேன்" என்று தெரியப்படுத்த வேண்டும். சேதி வந்தால் மஞ்சள் கட்டி காப்பாற்றப்படும், சினை நிற்கும். வராவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கும். இது உடம்பு முழுக்கச் சுற்றிப் போக வேண்டியதில்லை. கருப்பை ரத்தக் குழாயும் சினைப்பை ரத்தக் குழாயும் ஒட்டிக்கொண்டு போவதால், கொல்லைப்புறமாகப் பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் நீட்டுவது போல நேரே அந்தப் பக்கத்துச் சினைப்பைக்குப் போய்விடும். மஞ்சள் கட்டி கரையும், புரோஜெஸ்டிரோன் விழும், எல்.ஹெச். துடிப்பு வேகம் எடுக்கும், கடைசி அலைக் கொப்புளம் வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் ஏறும், மாடு கத்தும். அந்த ஈஸ்ட்ரோஜன் உச்சிக்குப் போகும்போது மேட்டூரில் மொத்த மதகையும் தூக்கிவிட்டது போல எல்.ஹெச். ஒரே வெள்ளமாகப் பாயும். பருவம் தொடங்கி 24 முதல் 30 மணி நேரத்தில் கொப்புளம் வெடித்து முட்டை வெளியே வரும்.

இந்த நாலு பத்தியையும் மறுபடி ஒரு தடவை படித்துவிடுங்கள். கீழே வரும் ஊசி எல்லாம் இதன் ஏதாவது ஒரு படியை நாம் கையால் செய்வதுதான்.

பருவத்தைக் கண்டுபிடிப்பது

புத்தகத்தில் "மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்கும்" என்று போட்டிருப்பார்கள். உண்மைதான், அதைவிட உறுதியான அடையாளம் கிடையாது. ஆனால் நம் ஊரில் மாடு தனித்தனி முளையில் கட்டிக் கிடக்கிறது. யார் மேலே ஏறுவது? அதனால் நமக்கு வலும்புதான் சாட்சி. கண்ணாடி போல, முட்டையின் வெள்ளைக்கரு போல, அறுந்து விழாமல் நூலாகத் தொங்கும். வாலிலும் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும். அறை (பிறப்புறுப்பின் வாய்) தடித்துச் சிவந்திருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காதை நிமிர்த்தி எங்கோ பார்க்கும், பால் குறையும். எல்லா மாடும் கத்தும் என்று காத்திருக்காதீர்கள், சில மாடு வாயே திறக்காது. எருமை வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், அதில் ஊமைப் பருவம் சர்வ சாதாரணம்.

பருவம் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். வெயில் காலத்திலும் அதிகப் பால் கறக்கும் மாட்டிலும் இன்னும் குறையும். நிறையத் தின்னும் மாட்டின் கல்லீரல் வழியாக அதிக ரத்தம் ஓடுவதால் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சீக்கிரம் சிதைந்துபோகின்றன, பால் மாட்டில் அதுதான் காரணம். விடியற்காலை கறப்பதற்கு முன் ஒரு பார்வை, ராத்திரி படுக்கப் போகுமுன் டார்ச் அடித்து ஒரு பார்வை, இந்த இரண்டும் கட்டாயம். ராத்திரி மாடு படுத்திருக்கும்போது பின்னால் தரையில் வலும்பு தேங்கியிருப்பது பளிச்சென்று தெரியும். நிற்கும்போது அது வாலில் ஒட்டிப் போய்விடும்.

இன்னொரு விஷயம், பலர் ஏமாறும் இடம். சில மாட்டுக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து வலும்போடு ரத்தம் வரும். இது நோய் இல்லை, சினை கலைந்ததும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் விழுந்ததால் கருப்பையின் நுண் குழாய்கள் கசிவது. அதைப் பார்த்துப் பதறி அன்றைக்கு ஊசி போட்டால் காசு தண்டம், முட்டையின் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். நோட்டில் தேதி எழுதி, அதிலிருந்து 18-ஆம் நாள் முதல் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள்.

சினை ஊசிக்கு நேரம்

காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. பழைய விதி, இன்றைக்கும் போதும். வெளியே வந்த முட்டை 6 முதல் 12 மணி நேரம்தான் தாங்கும். விந்தணு உள்ளே போய்ப் பக்குவப்படச் சில மணி நேரம் பிடிக்கும். முட்டை வரும்போது விந்து தயாராகக் காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த 12 மணி இடைவெளி. மாடு கத்திய உடனே ஆளைக் கூட்டி வருவதும் தப்பு, "நாளைக்கு மறுநாள் பார்த்துக்கலாம்" என்பதும் தப்பு.

ஊசி போட வருபவர் விந்து அடைத்த குச்சியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷம் வைத்துப் பிறகு துடைத்து ஏற்ற வேண்டும். சட்டைப் பையில் வைத்து உருக்கினால் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த வெதுவெதுப்பான நீரை நாமே தயாராக வைத்திருப்பது இன்னும் நல்லது. மாட்டை வெயிலில் நடத்திக்கொண்டு போய், அடித்து இழுத்து, மூச்சு வாங்கும்போது போடவும் கூடாது.

ஈன்று மூன்று மாதமாகியும் பருவமே இல்லையா?

முதலில் மாடு மெலிந்திருக்கிறதா என்று அதன் முதுகைப் பாருங்கள், அப்புறம் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஈன்றதும் பால் ஏறும் வேகத்துக்குத் தீனி ஏறாது, மாடு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். அந்த நேரத்தில் இன்சுலினும் அதோடு சேர்ந்த வளர்ச்சிக் காரணிகளும் ரத்தத்தில் குறைந்திருக்கும், எல்.ஹெச். துடிப்பு மந்தமாகும். கொப்புளம் கிளம்பும், ஆனால் முற்றாது. மேட்டூரில் தண்ணீர் இல்லாதபோது மதகில் நின்று சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? கன்று நாள் முழுக்கத் தாயோடு ஊட்டிக்கொண்டே இருந்தாலும் இந்தத் துடிப்பு அடங்கும், என் உம்பளச்சேரி எப்போதும் தாமதமாகப் பருவத்துக்கு வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நம் டெல்டாவின் தனிச் சிக்கல் வைக்கோல். மலைபோல வைக்கோல் போர் இருக்கிறது, மாடு வயிறு நிறையத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பாஸ்பரஸ் குறைவு. பச்சை இல்லாத பங்குனி முதல் ஆனி வரை வைட்டமின் ஏ-க்கும் வழியில்லை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் கழித்துப் பிரித்து ஆறவிட்டுக் கொடுத்தால் சத்தும் செரிமானமும் கூடும். யூரியாவைத் தொட்டித் தண்ணீரில் கலந்துவிடாதீர்கள், மாடு செத்துப்போகும். சம்பா அறுத்த வயலில் உளுந்து எடுப்பவர்கள் அந்தக் கொடியை எரிக்காமல் சேர்த்து வையுங்கள். கொல்லையில் நாலு பாத்தி கோ-5 தீவனப் புல், வரப்போரம் அகத்தி. தவிடு, புண்ணாக்கோடு தினம் 50 கிராம் தாது உப்பு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் தாது உப்புக் கலவை கிடைத்தால் அதையே வாங்கலாம். குடற்புழு மருந்தும் மறக்க வேண்டாம். இதெல்லாம் பலன் காட்ட ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆகவே மாடு சினையாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். ஈனும்போது கொஞ்சம் பூசினாற்போல் இருக்க வேண்டும், ஆனால் கொழுத்துத் தொங்கவும் கூடாது, கொழுத்த மாடு ஈன்றதும் தீனி எடுக்காமல் இன்னும் வேகமாக இளைக்கும்.

அப்புறம் டாக்டர் பரிசோதனை. அவர் சொல்வதில் மூன்று வகை இருக்கும். சினைப்பை வழவழவென்று சின்னதாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அது தீனிக் குறை. அதில் வெறும் ஊசி பெரிதாக உதவாது. மஞ்சள் கட்டி இருந்தால், மாடு பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிய கொப்புளம் வெடிக்காமல் நாள் கணக்கில் நின்றால் அது நீர்க்கட்டி. சில மாடு இதில் ஓயாமல் கத்தும், சில மாடு கம்மென்று இருக்கும். ஜிஎன்ஆர்ஹெச் ஊசி போட்டு, ஏழு நாள் கழித்து புரோஸ்டாகிளாண்டின் போடுவது இதற்கு வழக்கமான வைத்தியம்.

பிஜி ஊசி, என் தவறும் சேர்த்து

புரோஸ்டாகிளாண்டினைத்தான் ஊர்ப் பேச்சில் "பிஜி ஊசி", "பருவ ஊசி" என்பார்கள். பருவ விஷயத்தில் மஞ்சள் கட்டியைக் கரைப்பதுதான் அதன் வேலை. கட்டி இல்லாத மாட்டில் அதற்கு வேலையே இல்லை. பருவம் முடிந்து முதல் ஐந்து நாளில் இருக்கும் இளங்கட்டியும் அசையாது. ஆறாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரைதான் பிடிக்கும், போட்ட இரண்டு முதல் ஐந்து நாளில் பருவம் வரும். எந்த நாள் வரும் என்பது அன்று எவ்வளவு பெரிய கொப்புளம் தயாராக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சினை மாட்டில் போட்டால்? சினையைத் தாங்குவதே அந்த மஞ்சள் கட்டிதானே. என் செவலைப் பசு இரண்டு ஊசிக்கு அப்புறம் கத்தாமல் இருந்தது. "சினை இல்லப்பா, அடங்கிப் போச்சு, ஒரு பருவ ஊசி போட்டா வந்துடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கையை விட்டுப் பார்க்கச் சொல்லாமல் நானும் தலையாட்டினேன். நாலாம் நாள் விடியற்காலை தொழுவத்தில் உள்ளங்கை நீளத்துக்குக் கரு கிடந்தது, இரண்டரை மாதச் சினை. நோட்டு வைத்திருந்தால் இரண்டாவது ஊசித் தேதியை எண்ணிப் பார்த்திருப்பேன். பரிசோதனை இல்லாமல் பிஜி ஊசி கிடையாது, என் கொட்டகையில் அன்றிலிருந்து இதுதான் சட்டம். வீட்டில் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உள்ளே போகும்.

நாள் குறித்துப் போடும் முறை

பருவம் பார்க்கவே முடியாதவர்களுக்கு ஓவ்சின்க் என்று ஒரு முறை. 1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, வில்ட்பேங்க் குழுவினர் வெளியிட்டது. திங்கட்கிழமை காலை முதல் ஜிஎன்ஆர்ஹெச் ஊசி. இது இருக்கும் கொப்புளத்தை வெடிக்கவைத்துப் புது அலையைத் தொடங்கும். அடுத்த திங்கள் காலை பிஜி ஊசி, மஞ்சள் கட்டி கரையும். புதன் மாலை இரண்டாவது ஜிஎன்ஆர்ஹெச், இது அந்த எல்.ஹெச். வெள்ளத்தை நம் கையால் திறந்துவிடுவது. வியாழன் காலை, அதாவது சுமார் 16 மணி நேரம் கழித்து, மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் சினை ஊசி. ஒரு நாள் தள்ளினாலும் மொத்தமும் கெடும். ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் நாலு நாளும் வருவாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு விடுமுறை நடுவில் வருகிறதா என்று காலண்டரையும் பாருங்கள். இதில் நூற்றுக்கு முப்பது, நாற்பது மாடு தங்கினாலே நல்ல பலன். மெலிந்த மாட்டில் அதுவும் எதிர்பார்க்கக் கூடாது.

வழவழ சினைப்பைக்கும் வயசுக்கு வராத கிடேரிக்கும் புரோஜெஸ்டிரோன் சாதனம் ஒன்று இருக்கிறது. பிறப்புறுப்புக்குள் 7 முதல் 9 நாள் வைத்து, பிஜி ஊசியோடு சேர்த்து எடுப்பார்கள். அத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரேயடியாக விடுவதால் மூளை விழித்துக்கொள்ளும். ஆனால் கிடேரி சுமார் 250 கிலோவாவது இருக்க வேண்டும், எலும்பும் தோலுமான கன்றுக்கு இது வேண்டாத செலவு.

ஒழுங்காகப் பருவம், ஆனாலும் தங்கவில்லை

மூன்று ஊசி போட்டும் தங்காவிட்டால் நாலாவது ஊசி போடாதீர்கள், காரணம் தேடுங்கள். வலும்பில் வெள்ளைத் திட்டு, கலங்கல், நாற்றம் இருந்தால் கருப்பையில் சீழ், அதை ஆற்றிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். வலும்பு தெளிவாக இருந்து, ஊசி போட்ட மறுநாளும் பருவம் நீடித்தால் முட்டை தாமதமாக வருகிறது என்று அர்த்தம். ஊசி போடும்போதே ஜிஎன்ஆர்ஹெச் கொடுப்பதும், 24 மணி கழித்து இன்னொரு சினை ஊசி போடுவதும் உதவும். பல மாடுகளில் கரு உண்டாகவே செய்கிறது, ஆனால் புரோஜெஸ்டிரோன் போதாமல் கரு சவலையாக நின்று, அந்த 16-ஆம் நாள் சேதியைச் சொல்லும் பலம் இல்லாமல் கரைந்துபோகிறது. நாம் பார்ப்பது "மறுபடி கத்துது" என்பதை மட்டும்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். சூல் கொண்ட முதல் சில நாள் கருவுக்குச் சூடு ஆகவே ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் கெட்ட முட்டைகளின் பலன் ஆடி வரை தெரியும், கொப்புளம் முற்றவே அத்தனை வாரம் ஆகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் தென்னங்கீற்று போடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வெறுமனே தண்ணீர் தெளித்தால் போதாது, ஃபேனும் ஓட வேண்டும். காற்று இல்லாவிட்டால் ஈரம் காயாது, உடம்பும் ஆறாது.

கடைசியாகச் சினை பார்ப்பது. 21-ஆம் நாள் கத்தவில்லை என்பது சினைக்குச் சாட்சி இல்லை. ஸ்கேன் வசதி இருந்தால் 30 நாளிலேயே தெரியும், கையால் பார்க்க 60 நாளுக்கு மேல். சிக்கலான கேஸ்களை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோக முடியாத அவசரம் என்றால் 1962-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள், மாட்டைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் கேட்பது தேதியைத்தான்.